நண்பனுக்கு லோகோ, லேபிள் செய்து கொடுத்தால் எவ்வளவு வாங்குவது?

கோவை_கோடு

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். கல்லூரித் தோழன் ஒருவன் காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்குகிறான். எல்லா டிசைனும் நான்தான் செய்ய வேண்டும் என்கிறான். ஒரு லோகோ. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஆறு லேபிள். கடைக்கு போர்டு, விசிட்டிங் கார்டு. அப்புறம் இன்ஸ்டாவுக்கு நாலு போஸ்ட்.

வெளியாள் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: லோகோ 15,000, முதல் லேபிள் 8,000, அதை வைத்துச் செய்யும் மற்ற ஐந்து லேபிளும் தலா 1,500, போர்டு 3,000, கார்டு 1,500, போஸ்ட் நாலும் சேர்த்து 5,000. மொத்தம் 40,000 ரூபாய்.

விலை பற்றி அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீயே பார்த்துப் போடு மச்சான், உன்கிட்ட நான் என்ன பேசறது." என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்க என்னோடு இருந்தவன் இவன். காசு என்ற பேச்சை எடுக்கவே சங்கடமாக இருக்கிறது. அதே நேரம், இந்த வேலை முடியும்வரை வேறு பெரிய வேலை எதையும் எடுக்க முடியாது. பாதி விலை, அதாவது 20,000 என்று சொல்லிவிடலாமா? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

வெக்டர்வேலன்

எது வேண்டுமானாலும் செய்யுங்கள், பாதி விலை மட்டும் வேண்டாம்.

40,000 ரூபாய் வேலையை 20,000க்குச் செய்கிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அவரைப் பொறுத்தவரை லோகோவுக்கும் ஸ்டிக்கருக்கும் 20,000 கொடுத்தாயிற்று. இருபதாயிரம் கொடுத்தவருக்கு நாலு திருத்தம் கேட்க உரிமை இருக்கிறது, கேட்கத்தான் செய்வார். நீங்களோ, பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறோம், இதற்கு மேலும் கேட்கிறானே என்று நினைப்பீர்கள். அவர் மேல் தப்பே இல்லை. நீங்கள் விட்டுக்கொடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

முழு விலை வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு பைசா வாங்காதீர்கள். நான் சென்னையில் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

மதுரை_மை

வேலன் அண்ணா சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழு விலை இல்லையென்றால் இலவசம் என்பது, நாலு நண்பர்களும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவர்களுக்குச் சரிப்படும். எனக்குச் சொந்தபந்தத்திலும் தெரிந்தவர்களிலும் இருந்துதான் பாதி வேலை வருகிறது. எல்லாரையும் இலவசக் கணக்கில் வைத்தால் வீட்டு வாடகை எங்கிருந்து வரும்?

விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கப் பாருங்கள். தோழருக்குக் கடை திறக்கும் நாளில் உண்மையிலேயே என்னென்ன வேண்டும்? லோகோ வேண்டும். ஒரு லிட்டர் லேபிள் மூன்று வேண்டும். அரை லிட்டர் பாட்டில் முதல் மாதமே ஓடுமா என்று அவருக்கே தெரியாது. இன்ஸ்டா போஸ்டை அவரே போனில் படம் எடுத்துப் போடலாம், மரச்செக்கு சுற்றுகிற வீடியோவைவிட நல்ல விளம்பரத்தை நீங்களும் நானும் செய்துவிட முடியாது. இப்படிப் பார்த்தால் லோகோ 15,000, முதல் லேபிள் 8,000, கூட இரண்டுக்கு 3,000. ஆக 26,000. ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி செய்யாமலே 14,000 குறைந்துவிட்டது. மற்றதை வியாபாரம் பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அச்சுக்கூடம்

நான் சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறேன். லேபிள் வேலை தினமும் வருகிறது, அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி, மற்ற லேபிளுக்குத் தலா 1,500 போட்டிருக்கிறீர்கள். நிறத்தையும் பெயரையும் மாற்றினால் போதும் என்ற கணக்கு அது. உணவுப் பொருள் லேபிள் அப்படி இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம், தரும் 14 இலக்க உரிம எண்ணும் அதன் சின்னமும் வர வேண்டும். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம், சைவக் குறி. நிகர அளவு, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், ஊட்டச்சத்து அட்டவணை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல போன் நம்பர். பொட்டலப் பொருள் விதிகளில் 2022க்குப் பிறகு அலகு விலை, அதாவது ஒரு மில்லிக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்பது, வேறு சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஊட்டச்சத்து அட்டவணை வேறு, ஒவ்வொரு அளவுக்கும் விலை வேறு. உங்கள் தோழரிடம் இதெல்லாம் இன்னும் கையில் இருக்காது. ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் வரும், சில சமயம் வாய்ஸ் மெசேஜில் வரும்.

இன்னொன்று. பிளேட் போட்டு ஆயிரக்கணக்கில் ஓட்டிய பிறகு உரிம எண்ணில் ஒரு இலக்கம் தப்பு என்று தெரிந்தால் அந்தச் செலவு யார் தலையில்? வெளியாளாக இருந்தால் அவர் ஓகே சொன்ன மெசேஜை எடுத்துக் காட்டுவீர்கள். நண்பர் என்றால், "நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன்டா" என்பார். என் பிரஸ்ஸிலேயே இரண்டு நண்பர்கள் இப்படி முகம் கொடுத்துப் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்குகிறீர்களோ இல்லையோ, கடைசி ஃபைலை அனுப்பி, "எல்லா எழுத்தும் எண்ணும் பார்த்துவிட்டேன், அச்சுக்குப் போகலாம்" என்று அவரையே எழுத வையுங்கள்.

தமிழ் எழுத்தை பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கர்வ்ஸாக, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புங்கள். எங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் குவியலாகத்தான் வரும். வெட்டுவதற்காக ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடவும் மறக்க வேண்டாம்.

கோவை_கோடு

அண்ணா, இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதுவரை செய்ததெல்லாம் துணிக்கடை, ஸ்கூல் வேலைதான். நன்றி.

மதுரை_மை அக்கா சொன்னபடி வேலையைக் குறைத்தால் 26,000 வருகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இவன் எனக்குச் செய்ததற்கு நான் பில் போட்டா நீட்டுவது? வேலன் அண்ணா சொல்வதுபோல முழுக்க இலவசமாகவே செய்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

திருப்பூர்_தறி

நான் டிசைனர் இல்லை, பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

நான் தொழில் தொடங்கியபோது என் நெருங்கிய நண்பன்தான் லோகோவும் பெட்டி டிசைனும் செய்து கொடுத்தான். எவ்வளவோ கேட்டும் காசு வாங்கவில்லை. பெட்டியில் போட்டிருந்த நிறம் கடை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. மாற்றிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஓசியில் செய்து கொடுத்தவனிடம் குறை சொல்வதா? அப்படியே ஓட்டினேன். கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளிடம் காசு கொடுத்து மாற்றினேன். புதுப் பெட்டியை அவன் ஒரு கடையில் பார்த்திருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முன்பு மாதிரிப் பேச்சு இல்லை.

அன்றைக்கு அவன் காசு வாங்கியிருந்தால், "இந்த நிறம் வேண்டாம்டா" என்று முதல் நாளே சொல்லியிருப்பேன். நீங்கள் இலவசமாகச் செய்தால் உங்கள் தோழர் சந்தோஷப்படுவார் என்பது நிச்சயமில்லை. தனக்கு வேண்டியதைக் கேட்க முடியாமல் தவிக்கவும் செய்யலாம்.

ஆலங்குடி_அகல்

> இவன் எனக்குச் செய்ததற்கு நான் பில் போட்டா நீட்டுவது?

நண்பா, எங்கள் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, பந்தலில் வரிசையாக ஆள் உட்கார்ந்து பேரும் தொகையும் எழுதுவார்கள். மாமன், மச்சான், பங்காளி எல்லார் பேரும் நோட்டில் ஏறும். எழுதினான் என்பதற்காக யாரும் உறவு குறைந்துபோனதாக நினைப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் வருத்தம்.

உங்கள் அன்பையும் அப்படி எழுதிக் கொடுங்கள். பில்லில் முழுத் தொகையும் வரட்டும். அதற்குக் கீழே "என் அன்பளிப்பு" என்று நீங்கள் விடும் தொகையைக் கழியுங்கள். மீதி எவ்வளவோ அதை வாங்குங்கள். மீதி பூஜ்யமாக இருந்தாலும் பில் போடுங்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று அவருக்கும் தெரிய வேண்டும் இல்லையா?

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நாளைக்கு அவருடைய பக்கத்துக் கடைக்காரர் லேபிளைப் பார்த்து "யார் செய்தது, எவ்வளவு ஆச்சு" என்று கேட்பார். பில் பார்த்த நண்பர், "40,000 ஆகும், எனக்காகக் குறைத்துக் கொடுத்தான்" என்பார். பில் பார்க்காதவர், "நம்ம பையன்தான், சும்மா செஞ்சு கொடுத்தான்" என்பார். அதைக் கேட்டு வருகிறவர் சும்மாவே செய்து தரச் சொல்லித்தான் வருவார்.

மதுரை_மை

ஆலங்குடிக்காரர் சொன்னது பிடித்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். மொய் திரும்பி வர வேண்டிய காசு, நோட்டில் எழுதுவதே அதற்காகத்தான். அன்பளிப்பு என்று எழுதினால் அது திரும்ப வர வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோழர் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவர் மாதிரி நிற்பார்.

இனி, எதைக் கொடுப்பது என்ற கேள்வி. முடிவு தெரிகிற வேலையை அன்பளிப்பாகக் கொடுங்கள், இழுத்துக்கொண்டே போகிற வேலைக்குக் காசு வாங்குங்கள். லோகோ ஒருமுறை முடிந்தால் முடிந்தது. "இது என் நண்பன் வரைந்தது" என்று அவரும் ஊரெல்லாம் சொல்வார். லேபிள் அப்படி இல்லை. விலை ஏறும், முகவரி மாறும், புதிதாக விளக்கெண்ணெய் சேரும், விதி மாறும். அந்தக் கடை இருக்கும்வரை லேபிள் வேலை வரும். அதை இலவசத்தில் ஆரம்பித்தால் இரண்டாவது வருடம் எப்படி நிறுத்துவீர்கள்?

வெக்டர்வேலன்

அக்கா, லோகோதான் நம் தொழிலில் அதிகம் யோசிக்க வைக்கிற வேலை. அதைச் சும்மா கொடுத்துவிட்டு, அட்டவணை அடிக்கிற வேலைக்குக் காசு வாங்கினால் எது மதிப்பு என்று அவர் தலைகீழாகப் புரிந்துகொள்ள மாட்டாரா? முடிவு தெரிகிற வேலை என்றும் சொல்ல முடியாது. அவர் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். செக்கு படம் வேண்டும் என்பார் ஒருவர், காங்கேயம் காளை வேண்டும் என்பார் இன்னொருவர்.

மதுரை_மை

அதனால்தான் பில்லில் 15,000 என்று எழுதச் சொல்கிறோம். மதிப்பு அங்கே தெரிகிறது. முடிவை நாம்தான் வைக்க வேண்டும்: மூன்று வரைவு காட்டுவேன், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் இரண்டு சுற்றுத் திருத்தம், அவ்வளவுதான். திருப்பூர்க்காரர் சொன்ன சங்கடமும் இதில் தீர்கிறது. இரண்டு சுற்று உன் உரிமை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நிறம் பிடிக்கவில்லை என்று அவர் தயங்காமல் சொல்வார்.

வெக்டர்வேலன்

சரி, சுற்றுக்கணக்கு வைத்தால் எனக்கும் சம்மதம்.

கோவைத் தம்பிக்கு இன்னொன்று. எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் உங்களுக்கு ஒரு மணி நேரம் என்ன விலை என்று தெரிய வேண்டும். ஒரு பேச்சுக்கு, வாடகை, கரண்ட், நெட், சாஃப்ட்வேர் சந்தா, வீட்டுச் செலவு, சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 45,000 வேண்டும் என்று வையுங்கள். 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி. அதில் பாதிதான் காசு வருகிற வேலை. மீதி போன் பேச, பிரஸ்ஸுக்கு அலைய, பாக்கி கேட்கப் போய்விடும். ஆக 100 மணிக்கு 45,000, மணிக்கு 450 ரூபாய். லோகோவுக்கு 30 மணி போகும் என்றால் நீங்கள் கொடுப்பது 13,500 ரூபாய் அன்பளிப்பு. அந்த மாதம் அதைத் தாங்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அவர் ஆஸ்பத்திரியில் செய்ததற்கு விலை போட முடியாது. ஆனால் உங்கள் வீட்டு மாதக் கணக்கை அது மாற்றாது.

கோடும்_நிழலும்

நைக்கி ஷூ கம்பெனியின் லோகோவை ஒரு மாணவி 35 டாலருக்குச் செய்தார், அந்தக் கம்பெனி இன்று எங்கே இருக்கிறது பாருங்கள். தெரிந்தவர்களுக்குக் குறைந்த விலைக்குச் செய்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

வெக்டர்வேலன்

அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1971இல் கரோலின் டேவிட்சன் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். நைக்கியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் நைட் அங்கே கணக்குப்பதிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். கரோலின் அவரிடம் மணிக்கு 2 டாலர் என்று பேசி வேலை செய்தார், அந்தக் கணக்கில் வந்த தொகைதான் 35 டாலர். அதன் பிறகும் சில வருடம் அந்தக் கம்பெனிக்கே மற்ற டிசைன் வேலைகளும் செய்தார். 1983இல் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, அந்தச் சின்னம் பொறித்த வைர மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தது. பேசிய விலை இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. ஏமாற்றம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வைகைக்கரை_வக்கீல்

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள், இலவசமாகச் செய்தாலும் தேவைப்படும்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்யும் டிசைனர் வரைந்த லோகோவுக்கு முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே. காசு கொடுத்தாலே உரிமை கைமாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் தோழர் பத்து வருடம் கழித்து இலங்கைக்கோ துபாய்க்கோ எண்ணெய் அனுப்பும்போது இது பிரச்சினையாகக் கூடாது. "இந்த லோகோவின் பதிப்புரிமை முழுவதையும், உரிமைக்காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பில் இந்தத் தாளும் சேரட்டும்.

அவர் டிரேட்மார்க் பதிவும் செய்வார். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதனால் கேன்வா டிசைன் தளத்தில் கிடைக்கிற தயார்ப் படத்தை லோகோவில் வைக்காதீர்கள், அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய அவர்களுடைய உரிம விதியே இடம் தராது. எழுத்துருவும் வணிகத்துக்கு அனுமதி உள்ளதாக இருக்கட்டும். முக்த மலர், கேட்டமரான் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

கோவை_கோடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று அவனுக்கு இப்படி அனுப்பினேன்:

"மச்சான், கணக்கு இது. லோகோ 15,000, ஒரு லிட்டர் லேபிள் மூன்றுக்கும் சேர்த்து 11,000, மொத்தம் 26,000. இதில் லோகோ என்னுடைய அன்பளிப்பு, அதுக்குக் காசு கிடையாது, திருப்பிச் செய்யவும் வேண்டாம். லேபிளுக்கு 11,000 மட்டும் கொடு, பாதி இப்போது, பாதி ஃபைல் தரும்போது. லோகோவில் மூன்று வரைவு காட்டுவேன், ஒன்றை எடுத்து இரண்டு தடவை திருத்தம் சொல்லலாம், பிடிக்கலைன்னா வெளிப்படையா சொல்லு. லேபிளுக்கு உரிம எண், ஊட்டச்சத்து அட்டவணை, முகவரி, விலை எல்லாம் ஒரே தடவையா எழுதி அனுப்பு. அச்சுக்குப் போகும் முன் நீதான் கடைசியாப் பார்த்து ஓகே எழுதணும். அரை லிட்டர், கார்டு, போர்டு எல்லாம் அப்புறம், அதுக்குத் தனிக் கணக்கு."

பத்து நிமிடத்தில் போன் பண்ணினான். "இதை நீ சொல்லுவியா மாட்டியான்னுதான்டா காத்துக்கிட்டு இருந்தேன், நானா எப்படி விலை கேட்கறது" என்றான். லோகோவுக்கும் காசு தருவேன் என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டான், அப்புறம் ஒத்துக்கொண்டான். 5,500 வந்துவிட்டது. ஊட்டச்சத்துப் பரிசோதனை அறிக்கை இன்னும் கைக்கு வரவில்லையாம். அது வந்த பிறகுதான் லேபிளைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அச்சுக்கூடம்

நல்லது தம்பி. அறிக்கை வரும்வரை லோகோவை முடித்துவிடுங்கள். லேபிள் அளவை பாட்டிலைக் கையில் வைத்து அளந்து எடுங்கள், கேட்டலாக்கில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். எண்ணெய் பாட்டில் கை பட்டுப் பட்டுப் பிசுக்காகும், லேமினேஷன் செய்யாத ஸ்டிக்கர் போட்டால் எழுத்து அழிந்துவிடும்.

புதுவை_பென்சில்

இதே கேள்வியைக் கல்யாணப் பத்திரிகைக்கும் கேட்கலாமா? நண்பனின் தங்கை கல்யாணம். பில் போடுவதா?

மதுரை_மை

கல்யாணப் பத்திரிகைக்கு நான் பில் போடுவதில்லை. ஒரு பத்திரிகை, அதையே வாட்ஸ்அப்புக்கு ஏற்ற அளவில் ஒரு படம், இவ்வளவும் என் கல்யாணப் பரிசு என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வாசல் பேனர், ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் வைக்கிற எல்இடி டிசைன் என்று கேட்டால் அதற்குத் தனிக்காசு. அச்சுச் செலவு அவர்களுடையது, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

திருத்தம் சொல்ல வீட்டில் ஒருவரை மட்டும் நியமிக்கச் சொல்லுங்கள். தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும், பெரியப்பா பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போட வேண்டும் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கும், நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் வாங்காதீர்கள், டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை வந்தால் யாருடையது என்ற பேச்சு எழாது.